நான்காம் வகுப்புக்கு ஒரே ஒரு மொச்சை

ஆகஸ்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பதினோரு மணிக்கு, உஸ்தாத் ரிஃப்கி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். புதிய பாடத்திட்ட வரைவின்படி நான்காம் வகுப்புப் பிள்ளை ஒரே வருஷத்தில் ஐந்து தடவை ஈரப் பஞ்சில் மொச்சை முளைக்க வைக்க வேண்டும்.

அறிவியலில் இரண்டு தடவை. முதல் தடவை முளைக்காமல் போனால் என்ன செய்வது என்ற முன்ஜாக்கிரதை. கணக்கில் ஒரு தடவை, முளையை அளவுகோலால் அளக்க. அரபு மொழியில் ஒரு தடவை, அதே முளையைப் பார்த்துப் பாட்டுப் பாட. சமூகவியலில் ஒரு தடவை, நைல் டெல்டா விவசாயியின் கஷ்டத்தை உணர. கெய்ரோவில் எந்தப் பிள்ளையும் ஃபூல் மொச்சை மசியலைத் தட்டில் பார்க்காமல் ஒரு காலையைக் கடந்ததில்லை. அதையே பள்ளிக்கூடத்திலும் ஐந்து தடவை பார்த்தால், பிள்ளை ஒன்று விவசாயம் பண்ணப் போய்விடும், இல்லையென்றால் காலைச் சாப்பாட்டை நிறுத்திவிடும் என்று ரிஃப்கிக்குப் பட்டது.

ரிஃப்கி பாடத்திட்ட மையத்தில் நான்காம் வகுப்புக் குழுவின் செயலாளர். குழுவில் நான்கு வல்லுநர்கள். அந்த மையத்தில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் என்றோ ஒழிந்துவிட்டது. எடுக்கும் பாடம்தான் பெயர். அரபு தொழப் போயிருக்கிறார், கணக்கு அம்மாவுக்குச் சளி, அறிவியலும் சமூகவியலும் பேச்சுவார்த்தை இல்லை என்றுதான் அங்கே செய்தி வாசிப்பார்கள். இந்த நால்வரும் கொண்டுவந்து கொட்டிய பாடங்களை ஒன்றாகக் கோத்து, வருஷத்துக்குப் பன்னிரண்டு அலகாக்கி, நான்கு கையெழுத்து வாங்கித் தருவது ரிஃப்கியின் வேலை. அன்றைக்குக் கையில் இருந்தவை முப்பத்தோரு அலகு.

கெடு பதினெட்டு நாள். மூன்றாவது வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் திட்டம் மேசைக்கு வராவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவேன் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். குழு கலைந்தால் வல்லுநர்கள் தங்கள் கல்லூரிகளுக்குத் திரும்பிப் போய் நிம்மதியாக இருப்பார்கள். ரிஃப்கி மட்டும் அவருடைய பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். பழைய இடம் என்பது மேற்குப் பாலைவனத்தில் ஃபராஃப்ரா பாலைவனச் சோலை. பேருந்தில் ஏறினால் பத்து மணி நேரம். அங்கே உள்ளவர்கள் தங்கமான மனிதர்கள், பேரீச்சம்பழமும் பிரமாதம். ஆனால் மனைவி ஷாஹிநாஸுக்குக் கெய்ரோவின் ஷுப்ராவில் ஆஸ்பத்திரி வேலை, மகள் ஜுமானாவுக்கு அங்கேயே பள்ளிக்கூடம். ரிஃப்கிக்கு இருந்ததே இவர்கள் இரண்டு பேர். மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகும் விருந்தாளியாக அவரால் இருக்க முடியாது.

இந்தச் சங்கதியை அவர் வல்லுநர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் இரக்கப்பட்டுக் கையெழுத்துப் போடுவார்கள், அல்லது சொன்ன பிறகும் போட மாட்டார்கள். இரண்டில் எது பெரிய அவமானம் என்று அவரால் முடிவுக்கு வர முடியவில்லை.

ஆகவே மொச்சையிலிருந்து ஆரம்பித்தார். ஐந்து மொச்சைக்குப் பதில் ஒரே மொச்சை. எல்லாப் பாடத்துக்கும் பொது. எழுந்து நின்று இதைச் சொன்னபோது தமக்கே கண் கலங்கியதாகப் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

"பொது மொச்சை சரி," என்றார் அறிவியல் டாக்டரம்மா. "அது யார் மொச்சை?"

மொச்சை விதை என்பதால் தங்களுடையது என்றார் அவர். வளர்வது கணக்கு என்றார் கணக்கு அம்மா. இருபது நாள் வளர்ந்தால்தான் வரைபடம் போட முடியும். பாட்டு இரண்டாவது வாரமே வந்துவிடுகிறது, அதற்குள் இலை விட்டாக வேண்டும் என்றார் அரபு. பஞ்சில் வளர்க்கும் விவசாயியை உலகத்தில் எங்கே பார்த்தீர்கள், நைல் வண்டல் வேண்டும் என்றார் சமூகவியல். கடைசியில், ஒரு மொச்சை நான்கு பாடத்தையும் தாங்குமா என்று வளர்த்தே பார்த்துவிடலாம் என முடிவாயிற்று. குழு அறை ஜன்னலில் ஒரு மொச்சையை நட்டார்கள்.

நட்டது ஒன்றுதான். ஆனால் அதன் மேல் நான்கு பாடத்தின் மானம் இருந்தது. கணக்கு அம்மா வரைபடம் அழகாக வர வேண்டுமென்று யாரும் பார்க்காதபோது தண்ணீர் ஊற்றினார். சமூகவியல் டெல்டா ஊரான மன்சூராவிலிருந்து ஒரு டப்பா வண்டல் வரவழைத்துப் போட்டார். அரபு தினமும் மதியம் அதன் முன் நின்று முழுக் குரலில் பாட்டை ஒப்பித்தார். இரண்டாவது வியாழக்கிழமை அது மின்விசிறியைத் தொட்டுவிட்டது.

ஃபூல் மொச்சை குளிர்காலப் பயிர், அது கொடியும் அல்ல, படராது என்று அறிவியல் டாக்டரம்மா எழுத்துமூலம் தெரிவித்தார். மொச்சை அறிவியல் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை. மறு திங்கட்கிழமை ஜன்னல் வழியாக வெளியே போய், மேல்மாடித் தேர்வுப் பிரிவுக்குள் நுழைந்துவிட்டது. அங்கே மறுதேர்வுக்கான கேள்வித்தாள்களைப் பூட்டி வைத்திருந்தார்கள். காவலர் இறங்கி வந்தார்.

"உங்க செடி கேள்வித்தாளைப் பார்த்திருக்கு," என்றார். "பரீட்சை முடியிற வரைக்கும் அதை வெளியே விட முடியாது."

"செடிக்குக் கண்ணு ஏதுப்பா?" என்று ரிஃப்கி கேட்டுப் பார்த்தார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது உஸ்தாத். உள்ள வந்தது எதுவும் வெளிய போகக் கூடாது, அதான் உத்தரவு."

மேல்மாடிப் பாதியை அரக்கு முத்திரை வைத்து அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். கீழ்ப்பாதி மட்டும் குழுவின் கட்டுப்பாட்டில் இருந்தது. மொத்த உயரம் தெரியாத செடிக்கு வரைபடம் போட முடியாது என்று கணக்கு அம்மா தனக்கொரு தனி மொச்சை கேட்டார். கணக்குக்குக் கொடுத்தால் எனக்கும் என்றார் அரபு. அன்று சாயங்காலம் மொச்சைகளின் எண்ணிக்கை ஆறு.

செவ்வாய்க்கிழமை ரிஃப்கி மொச்சையை விட்டுவிட்டு வேறு வழிக்குப் போனார். ஒவ்வொருவரும் ஒரு பாடத்தை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். கொடுத்தவருக்கு ஒன்று குறையும், பெருந்தன்மையும் வளரும் என்று கணக்குப் போட்டார்.

எல்லோரும் மலர்ந்த முகத்தோடு விட்டுக்கொடுத்தார்கள். கணக்கு அம்மா பின்னங்களை அரபு தலையில் கட்டினார். அரபு ஐம்பது வருஷமாக எந்தப் பிள்ளைக்கும் மனப்பாடம் ஆகாத ஒரு நீண்ட செய்யுளை அறிவியலுக்குக் கொடுத்தார். அறிவியல் ஜீரண உறுப்புகளைச் சமூகவியலுக்கு அனுப்பினார். சமூகவியல், பட்டியலில் யாருக்கும் நினைவில் நிற்காத பதினான்கு ஃபரோ மன்னர்களையும் பொட்டலம் கட்டிக் கணக்கிடம் சேர்த்தார். பிறகு ஒவ்வொருவருக்கும், தம் குழந்தை அந்நியர் வீட்டில் வளர்வது பொறுக்கவில்லை. அடுத்தவர் தப்பாக நடத்திவிடக் கூடாதே என்று, கொடுத்த பாடத்துக்கு ஓர் 'அறிமுக அலகு' தங்கள் பக்கத்திலும் வைத்துக்கொண்டார்கள். முப்பத்தொன்று முப்பத்தைந்தாயிற்று.

"குறைக்கத்தானே உட்கார்ந்தோம்?" என்று ரிஃப்கி பலவீனமாகக் கேட்டார்.

"குறைச்சுதானே இருக்கோம்," என்றார் அரபு. "பின்னம் முன்னாடி கணக்குல இருந்துச்சு. இப்ப அங்க அறிமுகம் மட்டும்தான் இருக்கு. ஆளைப் பார்த்துப் பேசுங்க."

புதன்கிழமை காலை, கடைசி முயற்சியாக, ரிஃப்கி தாமே ஒரு மாதிரிப் பாடம் எழுதிக்கொண்டு போனார். ஒரு படகுக்காரர் இருபத்துநான்கு மூட்டை மொச்சையை ஏற்றிக்கொண்டு, பாடிக்கொண்டே நைலைக் கடக்கிறார். கணக்கு இருக்கிறது, பாட்டு இருக்கிறது, ஆறு இருக்கிறது, மொச்சையும் இருக்கிறது. நால்வரும் நல்ல பாடம் என்று பாராட்டிவிட்டு ஆளுக்கொரு பேனாவை எடுத்தார்கள்.

இருபத்துநான்கு மூன்றாம் வகுப்பு எண் என்று கணக்கு அம்மா அதை முந்நூற்று அறுபது ஆக்கினார். முந்நூற்று அறுபது மூட்டைக்குப் படகு மூழ்கிவிடும் என்று அறிவியல் கணக்கிட்டுக் காட்டிப் படகை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் இப்போது பாலம் வந்துவிட்டது என்று சமூகவியல் படகுக்காரரை எடுத்துவிட்டார். படகுக்காரர் இல்லாமல் பாடுவது யார், காற்றா என்று கேட்டு அரபு மனம் நொந்து பாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மதியத்துக்குள் அந்தப் பாடத்தில் மிஞ்சியவை தலைப்பும் பக்க எண்ணும். பக்க எண்ணைக் கணக்கு அம்மா விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ரிஃப்கி அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். ஷாஹிநாஸ் முலூகியா கீரைக் குழம்பு வைத்திருந்தாள். அவர் ரொட்டியைக் கையில் எடுத்தவர் எடுத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"ஃபராஃப்ராவுல இப்ப வெயில் எப்படி இருக்கும்னு யோசிக்கிறியா?" என்றாள் அவள்.

"இல்ல. பேருந்து எத்தனை மணிக்குன்னு."

அவள் குழம்பை இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் தோன்றவில்லை.

மேசையின் மறு மூலையில் ஜுமானா நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். செப்டம்பரில்தான் அவள் நான்காம் வகுப்பு. விடுமுறையில் என்ன எழுத்து என்று ரிஃப்கி பேச்சை மாற்றக் கேட்டார்.

"டியூஷன் வீட்டுப்பாடம் பாபா. அஞ்சாவது அலகு."

"எதுல அஞ்சாவது?"

"நாலாம் வகுப்புல. புதுப் பாடத்திட்டம்."

ரிஃப்கி ரொட்டியைக் கீழே வைத்தார். புதுப் பாடத்திட்டம் இன்னும் எழுதப்படவே இல்லை என்பதை உலகத்திலேயே அதிகாரப்பூர்வமாக அறிந்தவர் அவர்.

"மிஸ் இப்திஹால் சொன்னாங்க," என்றாள் ஜுமானா, தலையைத் தூக்காமல். "கமிட்டி எழுதி முடிக்கட்டும்னு காத்திருந்தா நாங்கள்லாம் பரீட்சைக்குப் போக முடியாதாம். அதனால அவங்களே ஆரம்பிச்சுட்டாங்க."

அந்த ஊரில் பள்ளிக்கூடம் செப்டம்பர் கடைசியில் திறந்தால் டியூஷன் ஆகஸ்டு முதல் தேதி திறந்துவிடும். நல்ல ஆசிரியை என்றால் போன குளிர்காலத்திலேயே இடம் பிடித்து வைக்க வேண்டும். ஷுப்ராவில் மிஸ் இப்திஹாலிடம் இடம் கிடைப்பது லேசில் இல்லை; மாகாணத்திலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் வீடு தேடுவதற்கு முன்னால் அவரிடம்தான் பெயர் கொடுப்பார்கள். இதெல்லாம் ரிஃப்கிக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஆரம்பிப்பதற்குப் பாடம் என்று ஒன்று வேண்டுமே என்று அவர் நினைத்திருந்தார்.

நோட்டை வாங்கிப் பார்த்தார்.

முதல் பக்கத்தில் வருஷம் முழுவதற்குமான பட்டியல். பன்னிரண்டு அலகு. மொச்சை ஒரே ஒரு தடவை. முதல் வாரம் அறிவியலில் நடுகிறார்கள். பத்தாவது நாள் இலை விட்டதும் அரபு வகுப்பில் பாட்டு. இருபதாவது நாள் கணக்கில் வரைபடம். பிறகு அந்தச் செடியைச் சமூகவியல் வகுப்பில் மண்ணுக்கு மாற்றுகிறார்கள், விவசாயி வந்துவிடுகிறார். ஒரு பாடம் முடிகிற இடத்தில் அடுத்தது வந்து கைகொடுக்கிறது. எதுவும் எதையும் இடிக்கவில்லை. ரிஃப்கி இருபத்திரண்டு வருஷமாகப் பாடத்திட்டத்தில் இருக்கிறார். இப்படி ஒன்றைச் செய்ய வேண்டும் என்றுதான் அந்த வேலைக்கே வந்தார்; நடுவில் மறந்துவிட்டிருந்தார்.

அவர் வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்தார். ஜுமானா எதிரே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பாபா, பார்த்து எழுதுறது தப்பில்லையா?"

"இது பார்த்து எழுதுறது இல்லம்மா. மதிப்பீடு."

"அப்ப பரீட்சையில நானும் பக்கத்துல இருக்கறவளை மதிப்பீடு பண்ணலாமா?"

"நீ போய்க் கை கழுவிட்டு வா," என்றார் ரிஃப்கி.

வியாழக்கிழமை அவர் குழு அறைக்குள் நுழைந்தபோது நால்வரும் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அதுவே கெட்ட சகுனமாகப் பட்டது. அரபு எப்போதும் அரை மணி தாமதமாக வருகிறவர். யாரும் யாருடனும் சண்டைகூடப் போடவில்லை. ரிஃப்கி உட்காருவதற்குள் நால்வரும் ஒரே சமயத்தில் தத்தம் பைகளைத் திறந்து எதையோ எடுக்கப் போனார்கள்.

ஆட்சேபக் கடிதங்கள் என்று ரிஃப்கிக்குப் புரிந்துவிட்டது. நான்கு பையிலிருந்தும் அவை மேசைக்கு வந்துவிட்டால் இரண்டு மணிக்குள் எதுவும் நடக்காது. அவர் நின்றவாக்கிலேயே தாம் எழுதி வந்ததை ஆளுக்கொரு பிரதியாக நீட்டிவிட்டார். எல்லோருடைய கருத்துகளையும் ஆழ்ந்து பரிசீலித்து இரவும் பகலும் உழைத்ததாகச் சொல்ல நினைத்திருந்தார். "இதைக் கொஞ்சம் பாருங்க," என்று மட்டும் சொன்னார்.

பார்த்தார்கள்.

கணக்கு அம்மா பிறந்ததிலிருந்து எதையும் எண்ணாமல் விட்டதில்லை. மாடிப்படியில் ஏறும்போதும் உதடு அசையும். அவர் அலகுகளை எண்ணவில்லை. முதல் வரியைப் பார்த்தார், முகம் சிவந்தது, பையை மூடினார், கையெழுத்துப் போட்டார். அரபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்து, "அல்லாஹ் பெரியவன்," என்று முணுமுணுத்துவிட்டுப் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினார். அறிவியல் டாக்டரம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு பேனாவுக்குக் கை நீட்டினார். சமூகவியல் மட்டும் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்ற மரியாதைக்கு, "எழுத்து உங்க எழுத்துதானே உஸ்தாத்?" என்று கேட்டார்.

"என் எழுத்துதான்," என்றார் ரிஃப்கி. அதில் பொய் இல்லை.

"அப்ப சரி," என்று அவரும் போட்டார்.

நான்கு கையெழுத்தும் விழ ஆன நேரம் ஆறு நிமிஷம். அந்த மையத்தின் சரித்திரத்தில் ஒரு கூட்டம் தேநீர் வருவதற்குள் முடிந்தது அதுதான் முதல் தடவை. தேநீர் கொண்டுவந்த ஆள், குழுவைக் கலைத்துவிட்டார்கள் என்று நினைத்து வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனார்.

இயக்குநர் ஒன்றே முக்கால் மணிக்குத் திட்டத்தைப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். நான்கு பாடமும் ஒரே மூச்சு விடுகிறது, இதைத்தான் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஃபராஃப்ரா மாற்றல் உத்தரவை எடுத்து, ரிஃப்கியின் கண் முன்னாலேயே குறுக்கே கிழித்துப் போட்டார்.

வீட்டில் ஷாஹிநாஸ் அழுதாள். சந்தோஷத்தில்தான் என்று சொன்னாள். வெள்ளிக்கிழமை எல்லோரும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் வறுத்த புறா சாப்பிட்டார்கள். மச்சான் எல்லோரிடமும், "நாட்டுக்கே பாடத்திட்டம் எழுதுன கை இது," என்று ரிஃப்கியின் கையைத் தூக்கிக் காட்டினார். ஜுமானா தட்டிலிருந்து நிமிர்ந்து அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அவர் புறாவைத் தட்டோரம் ஒதுக்கினார்.

எழுத்தை விற்றுப் பிழைத்தவன் என்ற பெயர்கூடப் பரவாயில்லை, ஒன்பது வயசுப் பெண்ணின் நோட்டைத் திருடியவன் என்றால் எந்த முகத்தோடு நடப்பது? உண்மையைச் சொல்லிவிட்டால் மிஸ் இப்திஹால் கோபத்தில் மையத்துக்கு ஒரு கடிதம் போடலாம். இயக்குநர் கிழித்த உத்தரவை மறுபடி தட்டச்சு செய்ய அரை மணி போதும். இரண்டையும் இரவெல்லாம் எடை போட்டுப் பார்த்தார். சனிக்கிழமை காலை எழுந்து முகம் மழித்து, இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, வழியில் ஒரு பெட்டி பஸ்பூசா இனிப்பு வாங்கிக்கொண்டு புறப்பட்டார்.

மிஸ் இப்திஹாலின் வகுப்பு ஒரு கரும்புச்சாறு கடைக்கு மேலே, நான்காவது மாடியில். மின்தூக்கி இல்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று, திரும்பிவிடலாமா என்று யோசித்தார். நான்காவதில் மூச்சு வாங்கியதால் யோசிக்க முடியவில்லை, கதவைத் தட்டிவிட்டார்.

ஐம்பது வயதுக்கார அம்மாள். மூக்கு நுனியில் கண்ணாடி, விரலெல்லாம் சிவப்பு மை. நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். வகுப்பு தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஜுமானாவின் அப்பா என்றும், நான்காம் வகுப்புக் குழுவின் செயலாளர் என்றும் ரிஃப்கி தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். பஸ்பூசாப் பெட்டியை மேசையில் வைக்க இடம் தேடினார். மேசை முழுக்க இனிப்புப் பெட்டிகள். ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு. ஷுப்ராவில் டியூஷன் ஆசிரியைக்கு இருக்கும் மரியாதையை நினைத்துக்கொண்டு, தம்முடையதை அவற்றின் மேலேயே வைத்தார்.

பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நோட்டை எடுத்தது, வரி விடாமல் எழுதியது, தம் எழுத்து என்று சொன்னது, பாராட்டை வாங்கிக்கொண்டது. ஃபராஃப்ராவையும் சொன்னார், சொல்ல வேண்டாம் என்றுதான் வந்திருந்தார், வாய் நிற்கவில்லை. நீங்கள் எழுதிப் போட்டால் நான் மறுக்க மாட்டேன் என்றும், பாடத்திட்டத்தில் உங்கள் பெயர்தான் இருக்க வேண்டும் என்றும், மகளிடம் மட்டும் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லி முடித்தார்.

மிஸ் இப்திஹால் கையிலிருந்த நோட்டில் கடைசிச் சரிக்குறியைப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"உட்காருங்க உஸ்தாத். உங்க கமிட்டியிலேர்ந்து இதே மன்னிப்போட வந்த அஞ்சாவது ஆள் நீங்க. நாலு பேரோட பேரப்பிள்ளைங்களும் ஜுமானாவோட இங்கதான் படிக்குது; ஃபராஃப்ரா சேதி அவ வாய்லேர்ந்து அவங்க வீடுகளுக்குப் போயிருக்கு. ரிஃப்கியை ஃபராஃப்ராவுக்கு அனுப்பிடக் கூடாதேன்னுதான் நோட்டைப் பார்த்து எழுதிப் பையில வச்சுக்கிட்டுப் போனேன், அது அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம்னு ஒவ்வொருத்தரும் தனித்தனியா வந்து என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்காங்க."